தகரக் கூட்டுக்குப் போட்ட பூட்டு

போன செவ்வாய்க்கிழமை கிள்ளான் ஸ்டேஷனில் என் கிராணி வேலையாக, இறங்கும் சரக்குக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ரயிலிலிருந்து இறங்கிய கார்டு நேரே என்னிடம் வந்து, “உங்க பக்கத்து வீட்டு செபஸ்தியான் காலையில தவறிட்டாருங்க” என்றார். துக்கம் பொங்கியது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது வெட்கம். அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு பேச்சை ஆறு வருஷமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான்.

ரயில்வே பட்டறை ஃபிட்டர் செபஸ்தியானைப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரிசை வீடுகளில் தெரியாதவர் இல்லை. எங்கள் இருவர் வீட்டுப் பின்புறத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். அவர் கோழிக்கூட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை. என் கூட்டுக்குப் பளபளக்கும் தகரம். “தகரம் சுட்டுப் பொசுக்கும் கிராணியாரே. கோழிக்கு வேர்க்காது, வாயைத் தொறந்து மூச்சு வாங்குறதுதான் அதுக்கு வேர்வை. மேல கொஞ்சம் லாலான் புல்லையாவது பரப்புங்க” என்றார். ஓலையும் புல்லும் தோட்டத்துக் கூலி லயத்துக்குச் சரி, கிராணி வீட்டுக்கு எதற்கு என்றேன். அவர் லயத்தில் பிறந்தவர் என்று தெரிந்தே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு என் கூட்டில் முட்டைகள் காணாமல் போயின. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவர்தானே என்று போயிற்று என் புத்தி. அதைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாசாரில் ஒரு பூட்டு வாங்கி வந்து, அவர் பார்க்கும்படியே மாட்டினேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

பூசத்தன்று குடும்பத்தோடு பத்துமலைக்குப் போனேன். கோழிகளைத் திறந்துவிடாமல், தட்டில் தண்ணீர் வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். மழையைப் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. மலையடிவாரத்து வெயிலில் எனக்கே தலை கிறுகிறுத்தபோதுதான் கோழிகளின் நினைப்பு வந்தது.

சாயங்காலம் திரும்பியபோது வீட்டுப் பின்புறம் சேறாகக் கிடந்தது. தகரத்தின்மேல் நனைந்த கோணிச் சாக்குகள். செபஸ்தியான் தரையில் முட்டி போட்டு, பப்பாளி இலைத் தண்டைக் கம்பிவலைக்குள் நுழைத்து, அதன் வழியாகக் குவளைத் தண்ணீரை உள்ளே இருந்த தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் முழுக்கத் தெருக்கோடிக் குழாயிலிருந்து வாளி சுமந்தாராம். அவர் மனைவி சொன்னார். கோழிகள் சிறகைத் தொங்கவிட்டு நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை.

“பூட்டை உடைத்திருக்கலாமே ஃபிட்டர்” என்றேன். பட்டறைக்காரருக்கு அது ஒரு நிமிஷ வேலை.

“உங்க பூட்டை நான் எப்படிங்க உடைக்கிறது?” என்றார்.

நான் நன்றிகூடச் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

பூட்டிய பிறகும் முட்டைகள் குறைந்தன. பத்து நாள் கழித்து, கூட்டின் பின்புறம் மண்ணைப் பறித்து நுழைந்த உடும்பைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பொந்தைக் கல்லால் அடைத்தேன். தகரத்தின்மேல் அத்தாப்பு போட்டேன். பூட்டைச் சத்தமில்லாமல் கழற்றினேன். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த செபஸ்தியான், “இனி குளுகுளுன்னு இருக்கும்” என்றார், வேறெதுவும் நடக்காதது போல. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கிராணி கௌரவம் விடவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அவர் மனைவி வேலியோரம் வந்தார். கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம். கோழிகளை என்னிடம் விட்டுப்போக வேண்டுமாம். சரி என்று சொல்லி, கூட்டுச் சாவியைக் கேட்டேன்.

“சாவி ஏதுண்ணே? அவரு பூட்டே போட்டதில்ல. பக்கத்துல கிராணியாரு இருக்காரே, எவன் வரப்போறான்னு சொல்லுவாரு.”

அவருடைய ஒன்பது கோழிகளும் கயிறு கட்டிய கதவோடு அந்தக் கூடும் இப்போது என்னிடம் இருக்கின்றன. இன்று மத்தியானமும் சாக்கை நனைத்துப் போட்டேன். இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன். செபஸ்தியான் அண்ணே, அந்தப் பூட்டு உங்களைச் சந்தேகப்பட்டுப் போட்டது. என்னை மன்னித்துவிடுங்கள்.