ஆள் இல்லை என்று எழுதினேன்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மதியம். ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமம், ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை, வீடு ஸ்ரீபெரும்புதூரில். கோடை விடுமுறையில் எங்களை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், என்ன வேலை என்று எழுத வேண்டும்.

அந்த ஊரில் ‘வேலை’ என்ற கட்டத்தை நிரப்புவதுதான் பெரும்பாடு. ஒரே வீட்டில் மகன் கார் கம்பெனியில் ஷிஃப்ட், மருமகள் கேன்டீனில் காய் நறுக்குகிறாள், மாமியார் நூறு நாள் வேலை. ஒரு பெரியவர், “நிலம் போயி எட்டு வருசம் ஆச்சு. இப்ப செக்யூரிட்டி. ஆனா நீங்க விவசாயம்னே எழுதிக்கோங்கம்மா” என்றார். அப்படியே எழுதினேன்.

கீழத்தெருவில் கடைசி வீடு ஏரிப் பக்கம் இருந்தது. வீட்டுக்காரரின் குடும்பத்தை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட நாலு அறை வரிசையாகத் தெரிந்தது.

“அதுல யாரு இருக்காங்க?”

“அது குடோன் டீச்சர். பழைய சாமான் போட்டு வச்சிக்கீறேன்” என்றார்.

கொடியில் நீல யூனிஃபார்ம்கள் ஏழெட்டு காய்ந்துகொண்டிருந்தன. தட்டுகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகத்தோடு, தோளில் துண்டு போட்ட ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவரைப் பார்த்தேன்.

வடக்கிலிருந்து வந்தவர்கள். பாஷை புரியாது, ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் ஆகும், எனக்கு இன்னும் ஒரு தெரு பாக்கி. வீட்டுக்காரரே ‘குடோன்’ என்கிறார், நமக்கென்ன என்று தோன்றியது. ‘கிடங்கு. ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். அதை நான் மறந்தும் போனேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் விடியற்காலை ஏரி நிரம்பி வழிந்து, தண்ணீர் கீழத்தெருவுக்குள் புகுந்துவிட்டது. எங்கள் பள்ளியைத்தான் முகாம் ஆக்கினார்கள். காலை ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, ரப்பர் படகில் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் கையில் ஒரு பட்டியல். வாங்கிப் பார்த்தேன். நான் எடுத்த கணக்கைப் பார்த்து எழுதியதுதான்.

கடைசியாகக் கீழத்தெருவின் கடைசி வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அலுவலர் அந்த வரியில் டிக் போட்டு, “கீழத்தெரு முடிஞ்சிது. பக்கத்து ஊருக்குப் போலாம்” என்று படகுக்காரர்களிடம் சொன்னார்.

எனக்கு அந்த நீல யூனிஃபார்ம்கள் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தன. வீட்டுக்காரரைப் பார்த்தேன். டீ டம்ளரைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் உடனே சொல்லவில்லை. இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. சொன்னால் பொய்க் கணக்கு எழுதினேன் என்று ஆகும், மெமோ வரும் என்று நினைத்தேன். கம்பெனிப் பேருந்தில் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழைக்காகக் கம்பெனிகள் லீவு விட்டிருந்தது எனக்குத் தெரியும். படகை டிராக்டரில் ஏற்றிக் கட்டும்வரை நின்றுகொண்டே இருந்தேன். கால் மணி நேரம் இருக்கும்.

பிறகுதான் போய், “சார், கடைசி வீட்டுக்குப் பின்னால ஆளுங்க இருக்காங்க” என்றேன்.

அவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். “குடோன்னு போட்டுக்கீதே டீச்சர். நீங்க எழுதினதுதானே?”

“நான் தப்பா எழுதிட்டேன் சார்.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. படகை இறக்கச் சொன்னார். வீட்டுக்காரர் மெதுவாக, “ஷிஃப்டுக்குப் போயிருப்பானுங்கன்னு நெனச்சேன்” என்றார். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இரண்டு நடையில் பதினோரு பேரைக் கொண்டுவந்தார்கள். மார்பளவுத் தண்ணீருக்கு நடுவே, சுற்றுச்சுவரின் மேல் ஏறி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒருவரை மட்டும் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். முன்பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு படகு திரும்பும் சத்தம் கேட்டதும், கையாட்டிக் கூப்பிடலாம் என்று அவர் கூரைமேல் ஏறியிருக்கிறார். ஷீட் உடைந்து உள்ளே விழுந்ததில் இடுப்பும் காலும் போய்விட்டன. அன்று கதவோரம் துண்டோடு நின்றவர்தான் அவர். பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மற்ற பத்துப் பேரிடமும் உட்கார்ந்தேன். அவர்களில் ஒரு பெண் நன்றாகத் தமிழ் பேசினாள். பெயர், ஊர், வேலை. இரண்டு பேர் பிரஸ் ஷாப், நாலு பேர் லோடிங், மூன்று பேர் பெயின்ட் லைன், அந்தப் பெண் கேன்டீனில் வெங்காயம் உரிக்கிறாள். சொந்த ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது, நடவுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார்களாம். பாதிப் பேர் நாலு வருடமாக அந்த அறைகளிலேயே இருக்கிறவர்கள். ஒருவரிடமும் அரை மணி நேரம் ஆகவில்லை. எல்லாவற்றையும் எழுத இருபது நிமிடம் பிடித்தது.

மறுவாரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்து.

“நீ அன்னிக்கு வந்தேல்ல அக்கா, நானும் கூப்ட்ல. வாடகைக்கு வுட்டது தெரிஞ்சா வரி போடுவாங்க, ஆபீசர் வந்தா வெளிய வராதீங்கன்னு ஓனர் சொல்லிக்கீறாரு. கூப்ட்டிருந்தா நீ எழுதியிருப்ப” என்றார், இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில்.

எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் அப்படிச் சொன்னார். கூப்பிட்டிருந்தாலும் நான் நின்றிருப்பேனா என்று தெரியவில்லை. கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவரால் இனி லைனில் நின்று வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் அவருடைய தம்பி வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலத்தில் குனிந்து வேலை செய்யவும் முடியாது. அங்கே இப்போது என்ன செய்கிறார் என்று கேன்டீன் பெண்ணிடம் ஒருமுறை கேட்டேன். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

தவறாக எழுதினேன் என்று எழுத்து மூலமாகவே கொடுத்தேன். கணக்கைத் திருத்திக்கொண்டார்கள், மெமோ வரவில்லை. யாராவது என்னை நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்குமோ என்னவோ, யாரும் கேட்காததால் அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் மட்டும் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.