குருத்தோலை வைத்த பிடில்

கணவர் பட்டாளத்துக்குப் போனபோது விட்டுச்சென்ற பிடிலை உடைத்தது நான்தான். பழி போட எங்கள் வீட்டில் ஒரு பூனைகூட இல்லை.

குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துத் தந்த பழைய ஓலைகளைச் சாம்பல் புதனுக்கு முன்பு கோயிலில் சேர்த்துவிட வேண்டும். அவற்றை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். எங்கள் வீட்டு ஓலை, அவர் கிளம்புமுன் தன் கையால் சிலுவையாக மடித்தது. கொடுக்க மனம் வரவில்லை. கோயில் உபதேசியார் ஓலை வாங்க வந்த அன்று, அலமாரி மேலிருந்த பிடிலை அவசரமாக இறக்கி அதன் துளைக்குள் திணித்தேன். கை தவறிப் பிடில் விழுந்தது. கழுத்து முறிந்துபோயிற்று.

அதற்குள் என் கணவர் ஆப்பிரிக்கா யுத்தத்தில் பிடிபட்டு இத்தாலியில் கைதியாக இருந்தார். கடிதம் நின்று எட்டு மாதம். "நான் வர்ற வரைக்கும் இத பத்திரமா வெச்சிரு, கண்ணு" என்று சொல்லிப்போன மனிதர். பிடில் சரியானால் அவரும் வந்துவிடுவார் என்று எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

நான் நர்ஸாக இருந்த மைசூர் ஆஸ்பத்திரிக்கு, கட்டில்களைப் பழுதுபார்க்க பெங்களூர் முகாமிலிருந்து ஓர் இத்தாலிய யுத்தக் கைதியைக் காவலோடு கூட்டிவந்தார்கள். தச்சன். எங்கள் ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரி சிஸ்டரும் இத்தாலிக்காரர்தான். எனக்காக அவரே அவனிடம் கேட்டிருப்பார். நான் விடவில்லை. என் கணவர் அங்கே அந்தப் பாஷையில்தானே தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்? எனக்கு ஒரு வாக்கியமாவது வராதா? சிஸ்டரிடம் கற்றுக்கொண்டு, இரண்டு நாள் கட்டுப் போடும்போதெல்லாம் முணுமுணுத்தேன்.

"ஸி புவோ அஜ்ஜுஸ்தாரே?" என்று கேட்டுப் பிடிலை நீட்டினேன். சரிசெய்ய முடியுமா?

அவன் முகம் மலர்ந்துவிட்டது. மடமடவென்று ஏதேதோ பேசினான். கேள்வியை மட்டும் படித்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடிலைக் குலுக்கினான்; உள்ளே சலசலத்தது. கம்பியால் ஓலைச் சிலுவையை வெளியே இழுத்தான். எரிந்திருக்க வேண்டிய ஓலை என்று அவனுக்கும் தெரியும். கொஞ்ச தூரத்தில் நின்ற சிஸ்டரை ஒரு பார்வை பார்த்தான், என்னைப் பார்த்தான், சிலுவையை முத்தமிட்டு உள்ளேயே தள்ளிவிட்டான். அப்புறம் வஜ்ரப்பசை காய்ச்சிக் கழுத்தை ஒட்டினான்.

"சீக்கிரம் ஆகட்டும்மா, நாலு மணிக்கு ரயிலு" என்றான் காவலுக்கு வந்த சிப்பாய்.

சிஸ்டர் பக்கத்தில் வந்து, "வேற ஏதாவது கேக்கணுமா? நான் சொல்றேன்" என்றார்.

கேட்க எவ்வளவோ இருந்தது. உங்கள் ஊரில் கைதிகளுக்கு வயிறாரச் சாப்பாடு போடுவார்களா? குளிருக்குக் கம்பளி கொடுப்பார்களா? எட்டு மாதம் கடிதம் வராவிட்டால் அங்கே என்ன அர்த்தம்? அவனுக்கு என்ன தெரியும், அவனே கைதி. ஆனாலும் அவன் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டால் நான் எப்படித் தாங்குவேன்?

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றேன்.