சித்தி சொல்லி அனுப்பிய சேதி

வேட்டைக்குப் போகிற சாமி எதுவும் வெறுங்கையோடுதான் திரும்பும். காணும் பொங்கலன்று எங்கள் ஊர்ப் பெருமாளும் அப்படித்தான். குதிரை வாகனத்தில் ஏறி ஏரிக்கரை வரை போய், அர்ச்சகர் கையால் ஆகாயத்தைப் பார்த்து ஓர் அம்பு விட்டுவிட்டு, புளியோதரையும் சுண்டலும் ஆனதும் கோயிலுக்குத் திரும்பிவிடுவார். பாரிவேட்டை என்று அதற்குப் பெயர். அவர் கொல்லாமல் விட்டதையெல்லாம் கொல்லும் பொறுப்பை மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் எடுத்துக்கொண்டிருந்தன.

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. கடலைக்கொல்லையை நாசம் செய்கிற முயலையும் பன்றியையும் விரட்ட ஒரு காலத்தில் வேட்டைக்குப் போனார்களாம். நான் பார்க்கும்போது கொல்லைகளில் பாதி வீட்டு மனைகளாகியிருந்தன. வேட்டை மட்டும் பந்தயமாக மிஞ்சியிருந்தது. கறிக்காக யாரும் போகவில்லை. கறி வேண்டுமென்றால் பேருந்து நிறுத்தத்திலேயே பிராய்லர் கடை இருந்தது. சாமி ஏரிக்கரைக்கு வருவதற்குள் எந்தத் தெரு அதிகம் அடிக்கிறதோ, அந்தத் தெருத் தலைவனுக்குப் பட்டுப் பரிவட்டம் கட்டுவார்கள். எத்தனை முயல் விழுந்திருந்தாலும் சரி, ஒரு மான் விழுந்துவிட்டால் பந்தயம் அதோடு முடிந்தது; அடித்த தெருவுக்கே வெற்றி. மானைத் தொட்டால் ஜெயில் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஏரிக்கரைத் தோப்பில் கூடியதும் முதல் வேலையாக எல்லாருடைய செல்போனையும் வாங்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள்.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, மேட்டுத் தெருவுக்குத் தலைவர். ஷேர் ஆட்டோ ஓட்டினார். மூன்று வருடமாகத் தொடர்ந்து தோற்றிருந்தார். பள்ளத் தெரு வழியாக ஆட்டோ போனால், "வண்டியில முயலு ஏத்துவியாபா?" என்று பையன்கள் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் போவார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க மாட்டார்.

வேட்டைக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் முதல் நாளே வீட்டைவிட்டுப் போய்த் தோப்பில் தங்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. இன்னொரு கட்டும் உண்டு. மனைவி கர்ப்பமாக இருந்தால் அவன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது. அப்படிச் சேதி வந்தால் ஊர்ப் பெரியவர் காப்பை அவிழ்த்து, துளசித் தீர்த்தம் கொடுத்து, வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் பரிவட்டமும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்தக் கட்டெல்லாம் எனக்குத் தெரியாது.

அன்று காலையில் சித்தி மூன்று முறை வாந்தி எடுத்தாள். அம்மா மெடிக்கலுக்குப் போய்ச் சின்னதாக ஏதோ வாங்கி வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரு வெள்ளை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு அழுதார்கள். அதற்கு முன் சித்திக்கு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. சித்தப்பாவின் போனோ சாக்கில் கிடந்தது. அப்பா லாரியோடு எங்கேயோ ஆந்திராவில் இருந்தார். சித்தி என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, தோப்புக்கு ஓடுமா. பெரியவர் எதிர்ல நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, 'எங்க சித்தி முழுகாம இருக்குது'ன்னு சொல்லு. அவ்ளோதான். வழியில எங்கியும் நிக்காத."

ஓடினேன். ஏரிக்கரை ஏறும்போதுதான் யோசனை வந்தது. வாந்தியிலேயே காலை போய்விட்டதால் சித்தி உண்மையிலேயே குளித்திருக்கவில்லை. அதற்காக, நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தி தலை முழுகாமல் இருப்பதை நாற்பது ஆண்கள் நடுவில் நின்று கூவ வேண்டுமா? பள்ளத் தெருக்காரர்கள் முயலை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வார்களே! சித்தியின் மானம் என் கையில் இருப்பதாக எனக்குப் பட்டது. புத்திசாலிக் குழந்தை என்று பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் வாங்கியிருந்தேன்.

தோப்பில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. ஆலமரத்தடியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சித்தப்பா வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாமா? வூட்ல எதனா?"

அவர் காதருகே வாயை வைத்துச் சொன்னேன். சித்தப்பா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிப்போய்ச் சிரித்தார். குளிக்காததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஒரே குழப்பம்.

அந்த நேரம் பார்த்து ஏரிப்பக்கமிருந்து ஒருத்தர் கத்தினார்: "மானு! புள்ளி மானு தண்ணிக்கு எறங்கிக்கினு இருக்குது!"

சித்தப்பா ஏரியைப் பார்த்தார். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல சித்தப்பா."

"சொல்லாத. சாயங்காலம் நானே சொல்லிக்கறேன். நீ வூட்டுக்குப் போ."

அவரும் சித்தியின் மானத்தைத்தான் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு, திருப்தியோடு திரும்பினேன். வழியில் ராட்டினம் போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்தே பொழுது போனது.

மாலையில் மானை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். மேளம் அடித்தது. அது பெட்டை. தலை தொங்கி ஆடியது. மூங்கிலை இறக்கி வைத்தபோது மடியிலிருந்து பால் கசிந்து மண்ணில் சொட்டியதை நான் பார்த்தேன். சித்தப்பாவும் பார்த்தார். குட்டி ஏரிப்புதரில் எங்கோ கிடந்திருக்க வேண்டும். அதைத் தேடிப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பால்மடி செல்லுமா செல்லாதா என்றுதான் தெருவுக்குத் தெரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில், "பந்தயம்னா பந்தயம்தான்பா" என்று பெரியவர் முடித்துவைத்தார். யாரோ ஆலிலையால் அந்தப் பாலைத் துடைத்தார்கள். சித்தப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நானும் கைதட்டினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சித்தப்பாவுக்கு முன்னால் நான் வீட்டுக்கு ஓடினேன். மான் விழுந்த சேதி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. சித்தி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பால்மடி மானைக் கொன்ற சாபம் வயிற்றுப் பிள்ளையைச் சும்மா விடாது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"அவுருக்கு சேதி போய்ச் சேரலக்கா. கொழந்தைதானே, எங்கனா வேடிக்கை பாத்துக்கினு நின்னுட்டிருக்கும். தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்திருப்பாரு. தெரியாம செஞ்சா பாவம் இல்லியே, இல்லக்கா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்ன வேலையை நான் செய்யவில்லையாம்!

"நான் போய்ச் சொன்னேன் சித்தி! எல்லார் எதிர்லயும் சொன்னா உனக்கு அசிங்கம்னு சித்தப்பா காதுல மட்டும் சொன்னேன். அவுரு சிரிச்சாரு. யார்கிட்டயும் சொல்லாத, சாயங்காலம் நானே சொல்லிக்கறேன்னாரு. அப்பறம்தான் மானு பின்னால போனாரு."

பெண்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே சித்தப்பா வந்து நின்றிருந்தார், தலையில் பரிவட்டத்தோடு. சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

ஆவணியில் தம்பி நல்லபடியாகப் பிறந்தான். இப்போது காலேஜில் படிக்கிறான். சாபமும் பலிக்கவில்லை, ஒன்றும் பலிக்கவில்லை. சித்தப்பா அதற்குப் பிறகு தோப்புப் பக்கமே போகவில்லை. சித்தி அவருக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக ஒரு பேச்சு பேசி நான் பார்த்ததில்லை.

திட்டு வாங்காமல் தப்பித்தோம் என்ற நிம்மதியில் அன்று நான் நன்றாகத் தூங்கினேன். "மறந்துட்டேன் சித்தி" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு முதுகில் இரண்டு அடி விழுந்திருக்கும், சித்திக்குப் புருஷன் மிஞ்சியிருப்பார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.