சேச்சியின் கோப்பை, என் தட்டு

லலிதா சேச்சி இறந்த செய்தி வந்தபோது நான் இடப்பள்ளியில் ஒரு பெரிய கடைக்குள், நாசிக் பயணத்துக்குச் சீஸ் வாங்க நின்றிருந்தேன். செல்பேசியில் அவர் கணவர் விசுவநாதன் சார். "ரஷீத், ஆபரேஷன் முடிஞ்சுது. அவ கண்ணைத் திறக்கலை" என்றார். எப்போது திறப்பார்கள் சார் என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி! சார், "இனிமே திறக்கமாட்டா" என்றார்.

துக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே ஓடி, நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில்தான் அது ஏலூர் பஸ் என்று தெரிந்தது. சேச்சியோடு தொழிலில் சேர்வதற்கு முன்னால் பல வருடம் ஏலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கேன்டீனை நடத்தியவன் நான். புத்தி கலங்கியதும் கால் தன்னால் பழைய வேலைக்குக் கிளம்பிவிட்டது.

மட்டாஞ்சேரியில் அவர் வீட்டுக் கூடத்தில் இன்று கூடியிருக்கும் உங்களில் பலர் எங்களோடு திராட்சைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். எங்கள் தொழில் எப்படி நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒயின் செய்கிற தோட்டங்களுக்கு ஆட்களை அழைத்துப்போய் விருந்து வைப்பது எங்கள் தொழில். சேச்சி, நான் அக்காவாக நினைத்தவர், பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண். ஒயினை ருசி பார்ப்பார். மீனும் இறைச்சியும் தொடமாட்டார். நான் பள்ளுருத்தி ராவுத்தர். மீன், ஆடு, கோழி எல்லாம் சமைப்பேன், தின்பேன். ஒயின் ஒரு சொட்டுகூட நாக்கில் பட்டதில்லை. இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் எந்த ஒயினுக்கு எந்த மீன் பொருந்தும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் பயம்தான் வரும்.

பயணத்துக்கு முன்னால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடக்கும். அவர் பக்கம் கோப்பை, என் பக்கம் தட்டு. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வார்: "பச்சை மாங்காய் நறுக்கின கத்தியை நக்கினாப்பல இருக்கு. கடைசியில துளி தேன்." நான் என் தட்டிலிருந்து ஒரு விள்ளல் தின்றுவிட்டுச் சொல்வேன்: "கரிமீன் சேச்சி. வாழையிலைக்குள்ள வெந்தது. எண்ணெய் கம்மி, சின்ன உள்ளி இனிப்பு, மிளகுக் காரம்." அவர் கண்ணை மூடி யோசிப்பார். நானும் யோசிப்பேன். "நல்லாயிருக்கு" என்ற சொல்லுக்கு மட்டும் அந்த மேசையில் அனுமதி கிடையாது. "நல்லாயிருக்குன்னு சொல்றவன் ஒண்ணுமே சொல்லலை. எப்படி இருக்குன்னு சொல்லு" என்பார். அவர் சொல்லித்தான் எனக்கு ஒயின் தெரியும். நான் சொல்லித்தான் அவருக்குக் கரிமீன் தெரியும்.

முதல் பயணத்திலேயே மாட்டிக்கொண்டோம். நாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து விடுதி. கொச்சியிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோன அயிலை மீனைக் குடம்புளி போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். சேச்சி அதற்கு ஒரு கனமான சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒத்திகையில் அவர் ஒயினைப் பற்றிச் சொன்னதும் உண்மை, நான் மீனைப் பற்றிச் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க எங்கள் இரண்டு பேரிடமும் வாய் இல்லை. விருந்தினர்கள் மீனைத் தின்று ஒயினைக் குடித்தார்கள். மேசையில் எல்லாரும் தட்டையே பார்க்கிறார்கள். தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. தொழில் தொடங்கிய அன்றே மூடியாயிற்று என்று சமையலறைக்குள் பதுங்கினேன். சேச்சி எழுந்து, "என்ன ஆச்சு, உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார். உங்களில் ஒருவர்தான், இங்கே முன்வரிசையில் இருக்கும் அன்னம்மா டீச்சர், "காசை வாயில போட்டுச் சப்பின போல இருக்கு மோளே" என்றார். சேச்சி கைகொட்டிச் சிரித்தார். "ரஷீதே, ஒளியாதே வா! நம்ம ரெண்டு பேருக்கும் இது ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது!" என்று கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் விருந்துக்கு முன்னால் யாராவது ஒரு விருந்தினர் இரண்டையும் சேர்த்து ருசி பார்த்துச் சொல்வது எங்கள் வழக்கமானது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. விமானம் பயம். மலைப்பாதையில் வேன் திரும்பினால் பயம். விருந்தினருக்கு முள் குத்துமோ என்று பயம். குடிக்காவிட்டாலும் குடிக்கிற இடத்தில் நிற்கிறேனே என்ற பயமும் உண்டு. அதை நான் படைத்தவனிடம் தனியாகப் பேசிக்கொள்வேன். சேச்சி ஒரு நாளும் "பயப்படாதே" என்று சொன்னதில்லை. காலையில் சாயா குடிக்கும்போதே, "இன்னிக்கு என்னத்துக்கெல்லாம் பயம்?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். டிரைவர் தூங்கினாரா, வண்டியில் மருந்துப் பெட்டி இருக்கிறதா, விடுதியில் தண்ணீர் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார். "பயமே இல்லாதவனை நம்பி நான் பதினாலு பேரை மலைக்குக் கூட்டிண்டு போகமாட்டேனாக்கும்" என்பார்.

அது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை என்று ஒரு அறுவடைக் காலத்தில் தெரிந்தது. வேறொரு தோட்டம். திராட்சைச் சாறு பொங்கிப் புளிக்கிற தொட்டிகள் இருக்கும் அறைக்குள் எல்லாரையும் அழைத்துப்போகிறார்கள். வாசலில் ஒரு வேலையாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏலூரில் இருந்தவனுக்கு இது பழக்கம். வாயுக் கசிவு என்று சைரன் ஊதினால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே ஓடுவோம். "யாரும் உள்ளே போகாதீங்க" என்று கத்திவிட்டேன். குரல் கீச்சென்று வந்தது. சிலர் சிரித்தீர்கள். மேலாளர், தினமும் ஆட்கள் போய்வரும் அறைதானே என்றார். சேச்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ரஷீத் போகாத இடத்துக்கு நாங்களும் போகலை" என்று சொல்லி வாசலை மறித்து நின்றார். மேலாளர் காற்றைச் சோதிக்கும் கருவியைக் கொண்டுவந்து வாசலில் நீட்டினார். அது விடாமல் கத்தியது. புளிக்கும்போது வரும் வாயு அறைக்குள் தேங்கியிருந்தது. மின்விசிறிகளைப் போட்டுக் கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு, அந்த வேலையாளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாம் எல்லாரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சேச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஊரில் எனக்கு வேறு பயம் காத்திருந்தது. ரஷீத் ஒயின் கம்பெனியில் இருக்கிறான், குடிக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். மச்சான் வீட்டுக்கு வந்து, "குடிக்கிறவன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று நின்றபடியே பேசினார். நான் சத்தியம் செய்தும் நம்பவில்லை. என் மனைவி ஜமீலா சேச்சிக்கு போன் செய்துவிட்டாள். மறுநாளே சேச்சி ஆட்டோ பிடித்துப் பள்ளுருத்திக்கு வந்து, மச்சானை வரவழைத்து எதிரே உட்காரவைத்தார். "இவன் பொரிச்ச மீனை நான் ஒரு துண்டு தின்னிருந்தேன்னா, என் கோப்பையிலேர்ந்து இவனும் ஒரு சொட்டு குடிச்சிருப்பான். இத்தனை வருஷமா மீன் வாசனையில உக்காந்திருக்கேன், தின்னதில்லை. இப்ப நீங்க நம்பறேளா இல்லையா?" மச்சான் ஜமீலாவிடம், "அம்மாவுக்குச் சாயா போடு. எனக்கும்தான்" என்றார். மகள் கல்யாணத்தில் சேச்சிக்கென்று தனியாகச் சைவச் சமையல் செய்தேன். அந்தப் பந்தியில் மச்சானே நின்று பரிமாறினார்.

இப்படி எல்லாப் பயத்துக்கும் குறுக்கே நின்றவர் போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். ஆபத்து உண்டு என்று டாக்டர்கள் மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை நான் போனபோது சார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சேச்சி போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "எனக்குப் பயமா இருக்கு ரஷீதே" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத பேச்சு அது. எனக்கு உயிரே போய்விட்டது. பயப்படாதீர்கள் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

அவரே கேட்டார். "உனக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தாளே. மயக்கம் குடுக்கறது எப்படி இருக்கும்? நல்லாயிருக்கும்னு சொல்லாதே."

மேசையில் எதிரே உட்கார்ந்து சொல்வதுபோலத்தான் சொன்னேன். "முதல்ல ஊசி போடுவாங்க சேச்சி. கை வழியா ஒரு குளிர் மேல ஏறும், முழங்கை வரைக்கும் தெரியும். நாக்கு கொஞ்சம் கசக்கும். மூக்குல வைக்கிற மூடி புது பிளாஸ்டிக் வாளி போல மணக்கும். விளக்கு ரெண்டாத் தெரியும். அப்புறம் ஒண்ணும் இல்ல. உறக்கம்கூட இல்ல, கனவும் வராது. அப்புறம் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. தொண்டை வறண்டு இருக்கும். அவ்வளவுதான்."

"யார் கூப்பிடுவா?"

"நர்ஸுதான். என்னை ரஷீதிக்கான்னு கூப்பிட்டாங்க."

"அப்ப என்னை லலிதாம்மான்னு கூப்பிடுவா" என்றார். போர்வையை விட்டுவிட்டார். பிறகு, நாசிக்கில் இந்த முறை இரண்டாவது தோட்டம் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும், அவசரப்பட்டால் இரண்டுமே மறந்துபோகும் என்று பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மறுநாள் அவரைக் கூப்பிட்டார்களாம். லலிதாம்மா, லலிதாம்மா என்று பலமுறை கூப்பிட்டார்களாம்.

அன்றிலிருந்து எதையும் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஜமீலா குழம்பைக் கொடுத்து உப்புப் பார்க்கச் சொன்னால்கூடத் தெரியவில்லை என்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் என்று அவரிடம் சொல்லி அனுப்பியவன் நான். நாசிக் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் போகிறோமா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பயணம் இல்லை, மன்னியுங்கள் என்று எழுதி, அனுப்பவும் துணிவில்லாமல் செல்பேசியிலேயே வைத்திருந்தேன். கோப்பையைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. தட்டைப் பற்றி நான் சொன்னால் இனி யார் நம்புவது? நானே நம்பவில்லை.

நேற்றுக் காலை விசுவநாதன் சார் பள்ளுருத்திக்கு வந்தார். தனியாக அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் அந்த மாலை நடந்ததைச் சொல்லி, தப்பாகச் சொல்லிவிட்டேன் சார் என்று அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் நான் கூட இருந்தேன் ரஷீத். அங்கயே ஊசி போட்டா. அவ தன் கையையே பார்த்துண்டிருந்தா. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிச்சா. 'குளிர் ஏறறது, ரஷீத் சொன்ன மாதிரியே இருக்கு'ன்னா. அவ முகத்துல பயமே இல்லை. அதுக்கப்புறம் அவ பேசலை."

நான் எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து நாசிக் பயணம் உண்டு. விமானம், மலைப்பாதை, தொட்டி அறை, மீன் முள் எல்லாவற்றுக்கும் எனக்குப் பயம் இருக்கிறது. அவர் இல்லாததால் இரண்டு மடங்கு இருக்கிறது. தட்டில் இருப்பதை நான் சொல்கிறேன். கோப்பையில் இருப்பதை நீங்கள் ஒவ்வொருவராகக் குடித்துப் பார்த்து எனக்கு உள்ளபடி சொல்ல வேண்டும்.

சேச்சியிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான். அதற்குப் பிறகு உள்ளே எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்து என்னிடம் சொல்லாமல் போனது அது ஒன்றுதான்.