மெயின் சுவிட்சை இறக்கிய மதியம்

டவுனிலிருந்த பழைய தியேட்டர், மூடிய பிறகு பல வருடம் பக்கத்துத் திரிங்காப் ஊரில் விளைந்த முட்டைக்கோஸுக்குக் கிடங்காக இருந்தது. ஒருவர் தன் சாப்பாட்டுக்கடையை விற்றுவிட்டு அதை வாங்கி, மறுபடியும் படம் காட்ட இறங்கினார். வயரிங் வேலை எனக்கு வந்தது. எலி கடித்த கேபிள், கூரை ஒழுக்கு, மேடைக்கடியில் அழுகிய இலை என்று குறித்துவைத்து, முடித்ததை அடித்துக்கொண்டே வந்தேன். அவசர விளக்குகளுக்கு பேட்டரி மட்டும் வந்து சேரவில்லை.

அந்தத் தியேட்டரின் பழைய கதை, தேயிலை லோரி ஓட்டிய என் அப்பா சொல்லித்தான் தெரியும். இடப்பக்க நாற்காலிகள் மேல் தோட்டத்து ஆட்களுக்கு, வலப்பக்கம் கீழ் தோட்டத்துக்கு. வாரமெல்லாம் சேர்ந்த பகையை வெளிச்சத்தில் யாரும் தொடமாட்டார்கள். கரண்ட் போனால் அடிப்பார்கள். வந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். யார் அடித்தது என்று கேட்பதில்லை. அப்பா சிரித்தபடி சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

சோதனைக் காட்சி ஞாயிறு மதியம். இரு தோட்டத்துப் பழைய ஆட்களையும் முதலாளி அழைத்திருந்தார்; அப்பாவும் வந்திருந்தார். கடைசி வரிசையில் நகராண்மைக் கழக அதிகாரி இருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். படம் தொடங்கியும் முன்னால் இடச்சண்டை ஓயவில்லை.

"எந்திரிப்பா. இது எங்க பக்கம்லா."

"டிக்கெட்டுல நம்பர் இருக்கு, பாரு."

"அன்னிக்கு வாங்குன அடி மறந்துபோச்சா மாமா?"

சட்டையைப் பிடித்தார்கள், அடி மட்டும் விழவில்லை. நாலைந்து பேர் எழுந்தார்கள். படம் நின்றால் அடங்கிவிடுவார்கள் என்று, அப்பா சொன்ன கதை நினைவில்லாமல், மெயின் சுவிட்சை இறக்கினேன்.

முழு இருட்டு. பிறகு எலும்பில் எலும்பு மோதியது. நாற்காலிக் கால் முறிந்தது. நெரிபட்ட கழுத்திலிருந்து மூச்சு இழுபட்டது. எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவரும் கத்தவில்லை. சுவிட்சை மேலே தள்ளினேன், பிடிக்கவில்லை. மறுபடி தள்ளினேன்.

வெளிச்சம் வந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்பாவும் உட்கார்ந்தார். அவர் விரல் முட்டியில் ரத்தம். அவர் காலடியில் அதிகாரி கிடந்தார். விலக்கிவிட வந்திருக்கிறார். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

யார் என்று மலாயில் கேட்டார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

"எங்கப்பா," என்று நானும் மலாயிலேயே சொன்னேன். "விளக்கை அணைத்தது நான்."

அதிகாரி உரிம விண்ணப்பப் பாரத்தை எடுத்தார். கையெழுத்தில்லாத தாளில் ரத்தம் சொட்டியது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். முதலாளி வாசல்வரை ஓடித் தனியாகத் திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"படத்த போடுங்க முதலாளி!" என்றது வலப்பக்கக் குரல் ஒன்று.

அவர் மாடியேறிப் போய்ப் போட்டார். படம் முடியும்வரை ஒருவரும் எழவில்லை.