பிரெஞ்சில் ஒரு 'ஷேர்'

தெமோதரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிறிய தேயிலைக் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் இருவர் வந்தார்கள். ஒருவர், "போன்ழூர் மதாம்" என்று சிரித்து, பெரிய பாக்கெட்டைக் காட்டி, "சே கொம்பியான், சில் வூ ப்ளே?" என்றார். விலைதான் கேட்கிறார் என்று ஊகித்து, கல்குலேட்டரில் அடித்துக் காட்டினேன்.

அவர் தயங்கி, "சே ஷேர்" என்றார். இருவரும் ஷேர் பண்ணப்போகிறார்கள் என்று நினைத்து, பாக்கெட்டை வெட்டித் தூளை இரண்டு பைகளில் கொட்டிவிட்டேன். அவர் பதறிப்போனார். அவர்களை அழைத்துவந்த ஆட்டோக்காரர் ஓடிவந்தார்.

"என்னக்கா செஞ்சீங்க? அவங்க பாஷையில ஷேர்னா வெல கூடன்னு அர்த்தங்க!"

"ஐயையோ, நான் பங்கு போட்டுட்டேனே!"

பிரித்த தூளை இனி யார் வாங்குவார்கள் என்று புலம்பினேன். ஆட்டோக்காரர் விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆளுக்கொரு பையை வாங்கிக்கொண்டு, விலை கேட்கும் அந்த வாக்கியத்தை எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 'சில் வூ ப்ளே' என்றால் 'தயவுசெய்து' என்று அர்த்தமாம்.

இப்போதெல்லாம் யாராவது "ஷேர்" என்றால் சிறிய பாக்கெட்டை எடுத்துக் காட்டுகிறேன். புரியாத சொல் வந்தால், அர்த்தம் கேட்ட பிறகுதான் பொருளில் கை வைக்கிறேன்.

– ஒரு வாசகி, தெமோதரை