மாமா ஊற்றிய கடல்

மாமா வந்து போனால் எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் இரண்டு வெள்ளை வட்டங்கள் இருக்கும். மரக்காணத்தில் பிடித்த கடல் தண்ணீரை இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் சுமந்துகொண்டு வந்து, திண்டிவனத்தில் பஸ் மாறும்போது காப்பி குடிக்க எங்கள் வீட்டுக்குள் நுழைவார். கேனை வாசலிலேயே வையுங்கள் என்றால் காதில் வாங்கமாட்டார். "வெயில்ல வெச்சா தண்ணி கெட்டுடும்மா" என்பார். அடியில் கசிந்த தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் வட்டமாகத் தரையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டு அவரைத் திட்டுவதுதான் வீட்டில் தனியாக இருக்கும் எனக்கு வேலை. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது என்பதற்கு வேதியியல் ஆசிரியையான எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதைச் சுமந்து வருகிற மனிதருக்கு மட்டும் அது விளங்காது.

மாமா என் அக்காவின் கணவர். விழுப்புரத்தில் வண்ண மீன் கடை வைத்திருந்தார், கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே பெண் கல்யாணமாகி பெங்களூருக்குப் போனபின் அக்கா அந்த வீட்டில் பேச ஆளில்லாமல் தவித்தாள். கடை மீன்களோடு பேசிப் பார்த்தாள். "பேரு வெச்சதுமே வித்துடறாருடி" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். அதனால் மாமா, விற்பனைக்கு இல்லை என்று சொல்லி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன் ஜோடி ஒன்றை வாங்கி, கூடத்தில் தனித் தொட்டி வைத்துக் கொடுத்தார். அக்கா சமையல்கட்டிலிருந்து அவற்றோடு பேசினாள், சண்டை போட்டாள், சீரியல் கதை சொன்னாள். விழுப்புரத்தில் கடல் ஏது? அதற்குத்தான் இந்த மரக்காணம் யாத்திரை.

சித்திரை வெயிலில், மேலே மின்விசிறி சுழலும் கூடத்தில், தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் வற்றும். வற்றிய இடத்தை மாமா கடல் தண்ணீராலேயே நிரப்பினார். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வற்றியது கடல் அல்ல, வெறும் தண்ணீர். உப்பு முழுவதும் உள்ளேயே இருக்க, அதன்மேல் லிட்டருக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிராம் என்று புது உப்பு சேர்ந்துகொண்டே போனது. கடல் உப்பு என்பது சமையல் உப்பு மட்டுமல்ல, மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் என்று பலதும் சேர்ந்த கலவை. எந்தப் பெருங்கடலில் மொண்டாலும் அவற்றுக்கிடையே உள்ள விகிதம் அநேகமாக மாறாது, கூடுவதும் குறைவதும் தண்ணீர்தான். இதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே தடவையில் புரிந்துகொண்டார்கள்.

ஒருநாள் அக்கா போனில் அழுதாள். "ஒன்னு போயிடுச்சிடி. இன்னொன்னும் மூலையில நின்னுக்கினு வாயத் தொறந்து தொறந்து மூடுது." உப்பு கூடினால் மீனின் உடம்பிலுள்ள தண்ணீரைச் சுற்றியுள்ள தண்ணீர் இழுத்துக்கொள்ளும். கடலுக்குள்ளேயே தாகத்தில் சாகிற கதி. அடர்த்தி பார்க்கும் மிதவையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். தொட்டியில் விட்டதும் அது இருக்கவேண்டிய கோட்டைவிட்டு மேலே எழும்பி நின்றது.

"பாருங்க மாமா. வத்துன எடத்துக்கு நல்ல தண்ணி ஊத்துங்க. குடிக்கிற கேன் தண்ணி போதும்."

"கடல் மீனுக்குக் கேன் தண்ணியா? நாளைக்கு டீ போட்டுக் குடுக்கச் சொல்லுவ போல."

"பஸ்சுல ஜன்னலோரம் தானே உக்காந்துக்கினு வர்றீங்க? மரக்காணத்துல உப்பளம் கண்ணுல படல? தண்ணி போயி உப்பு நிக்கல?"

"அங்க உப்பு வேணும்னு காய வெக்கறாங்கம்மா. நான் என்னா உப்பா காய வெக்கறேன்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இவர் என் மிதவையை எடுத்து உதறி, "பஸ்சுல ஒடஞ்சிருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்தாள். "அவருகிட்ட பேசி ஆவாது. என்னா ஊத்தணும்னு எனக்குச் சொல்லு." சொன்னேன். தொட்டித் தண்ணீரைத் தினம் கொஞ்சம் மொண்டு கொட்டிவிட்டு அந்த அளவு நல்ல தண்ணீர் விட வேண்டும். மிதவை கோட்டுக்கு இறங்கியபின், வற்றிய இடத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர். எப்போதாவது பழைய தண்ணீரை மாற்றும்போது மட்டும் நிஜக் கடல். மாமா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மரக்காணத்துக் கேனைச் சாக்கடையில் கவிழ்த்து, அதில் குடிதண்ணீரை நிரப்பி வைப்பது என்று முடிவானது. அவரிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். மீன் பிழைத்தது. பிறகு அதற்கு ஜோடியும் வந்தது.

அதற்கப்புறம்தான் என் கஷ்டகாலம். மீன் பிழைத்ததற்குத் தன் கடல் தண்ணீரே காரணம் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். வளவனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என்னைக் காட்டி, "நம்ம டீச்சரம்மா கேன் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. கேட்டிருந்தா மீனு கொழம்பாயிருக்கும்" என்றார். பந்தியே சிரித்தது. நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு சத்தியத்தை மென்று விழுங்கினேன். ஞாயிறு தவறாமல் கேன்களோடு வந்து, காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "இன்னாம்மா, இன்னும் உன் கெமிஸ்ட்ரி அதையேதான் சொல்லுதா?" என்று கேட்பார். நான் சீறுவேன். அடுத்தடுத்த பஸ்சையும் விட்டுவிடுவாரோ என்னும் அளவுக்குச் சண்டை நீளும்.

போன மழைக்காலத்தில் மாமா மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள், அக்கா குடிதண்ணீர்க் கேனை யாருக்கும் மறைக்காமல் தொட்டியில் சரித்துக்கொண்டிருந்தாள். "பாவம், கடைசி வரைக்கும் கடல் தண்ணின்னு நெனச்சிக்கினே ஊத்தினாரு" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "யாரு, அவரா? ரெண்டாம் நாளே தெரிஞ்சிக்கினாரு. ட்யூப்ப வாயில வெச்சி உறிஞ்சித்தானே தொட்டிக்கு உடுவாரு? நாக்குல படாதா? உன் தங்கச்சி சொன்னதுதான் சரி, அவகிட்ட மட்டும் சொல்லிடாதன்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்கு வாரா வாரம் ரெண்டு கேனத் தூக்கிக்கினு என் வூட்டுக்கு வந்தாரு? தரையெல்லாம் உப்பு!"

அக்கா கேனைக் கீழே வைத்தாள். "உன் வூட்டுக்காரரு போனப்புறம் நீ யார்கிட்டயும் பேசாம கதவச் சாத்திக்கினு கெடந்தல்ல? சும்மா வந்து ஆறுதல் சொன்னா மூஞ்சத் திருப்பிக்குவ. தண்ணியக் காட்டுனா சண்டைக்காவது வாயத் தொறப்பான்னாரு."

திண்டிவனம் வரும்வரை பஸ்சில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இன்னும் அடங்கவில்லை. நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறும் காப்பிக்கு வந்திருக்கலாம். நான் கதவைத் திறக்காமலா இருந்திருப்பேன்?